ஒரு கிரவுண்டு மனையில் விதிமீறிய மாடி: நோட்டீஸ் முதல் திருத்திய அனுமதி வரை

பின்னணி

சென்னையின் தெற்குப் புறநகரில் 24 அடித் தெரு. அதில் 40-க்கு 60 அடி மனை, அதாவது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. ஓய்வுபெற்ற ஒரு தம்பதி அங்கே தரைத்தளமும் முதல் தளமும் கட்ட அனுமதி வாங்கினார்கள். வரைபடப்படி கட்டடம் 30-க்கு 48 அடி. முன்னால் 5 அடி, பக்கங்களில் 5 அடி, பின்னால் 7 அடி செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காலியாக விட வேண்டிய இடம். தரைத்தளத்தின் முன்பகுதி 30-க்கு 20 அடி வாகனம் நிறுத்த, மீதி ஒரு சிறு வீடு. மேலே 1,440 சதுர அடியில் அவர்கள் வீடு.

மகன் கல்யாணத்துக்குப் பிறகு இடம் போதவில்லை. முதலில் கட்டிய அதே மேஸ்திரியை வைத்து இரண்டாம் தளம் எழுப்பினார்கள். திருத்திய அனுமதி பற்றிப் பேச்சு வந்தபோது கிடைத்த பதில், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார், இந்தத் தெருவுல யாரு வாங்கியிருக்கா?" என்பதுதான். சொத்து வரி மறுமதிப்பீடு ஆனது, மின் இணைப்பு இருந்தது. இந்த இரண்டும் இருந்தால் கட்டடம் சரியானது என்று நம்புகிறவர்கள் ஏராளம். வரி வசூலிப்பதும் அனுமதி தருவதும் தனித்தனி வேலைகள். வரி ரசீது எந்த விதிமீறலையும் காப்பாற்றாது.

புகாரும் நோட்டீஸும்

தெற்குப் பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே, அவருடைய சுற்றுச்சுவரிலிருந்து 2 அடி தூரத்தில், பால்கனி நீட்டிக்கொண்டு நின்றது. துணி அலசும் தண்ணீர் சுவரில் வழிந்தது, ஏ.சி. அவுட்டோர் யூனிட்டின் அனல் ஜன்னலுக்குள் போனது. இரண்டு முறை நேரில் வந்து சொன்னார். பலனில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அனுமதி வரைபடத்தின் நகலை வாங்கி, புகைப்படங்களோடு உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தார். நகலும் படமும் அருகருகே இருந்ததால் ஆய்வுக்கு வந்த உதவிப் பொறியாளருக்கு அதிக வேலை இருக்கவில்லை.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 57-ஆம் பிரிவின்படி வேலையை நிறுத்தச் சொல்லி முதல் நோட்டீஸ் வந்தது. அனுமதிக்கு மாறாகக் கட்டியதை 30 நாளில் அகற்றி, மனையை அனுமதித்த நிலைக்குக் கொண்டுவரச் சொல்லி 56-ஆம் பிரிவில் அடுத்த நோட்டீஸ். கெடு ஓடுவது நோட்டீஸில் அச்சடித்த தேதியிலிருந்து அல்ல, கையில் வாங்கிய நாளிலிருந்து. தபால் உறையைப் பத்திரப்படுத்தி அதன் மேலேயே வாங்கிய தேதியை எழுதி வைத்திருந்தது வீட்டம்மாள். பின்னால் அது உதவியது.

வீணான 18 நாட்கள்

நோட்டீஸ் கைக்கு வந்த பின் முதல் 18 நாட்கள் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று அலைவதில் போயின. விதிமீறிய கட்டடங்களை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்தை அரசு எப்படியும் கொண்டுவரும் என்று ஒருவர் தைரியம் சொன்னார். அதே சட்டத்தில் ஏற்கெனவே உள்ள 113-சி பிரிவு 2007 ஜூலை 1 வரை கட்டிய கட்டடங்களுக்கு மட்டுமே பொருந்தும். இந்த மாடிக்கு அதில் இடமே இல்லை.

அதைவிடப் பெரிய தவறு 17-ஆம் நாளில் நடந்தது. மொட்டை மாடியில் எழுப்பிய அறைக்குப் பூச்சு மட்டும்தான் பாக்கி என்று மேஸ்திரி இரண்டு ஆட்களை அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர் தேதி தெரியும்படி படம் எடுத்து அனுப்பிவிட்டார். வேலை நிறுத்த நோட்டீஸ் கையில் இருக்கும்போது சாந்துச் சட்டி ஏறினால் அதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. 26-ஆம் நாள் இரண்டாம் தளமும் மொட்டை மாடி அறையும் பூட்டி சீல் வைக்கப்பட்டன. அறையில் வாடகைக்கு இருந்த இரண்டு இளைஞர்கள் அன்று மாலை பெட்டியோடு தெருவில் நின்றார்கள்.

அளந்ததில் கண்டவை

உரிமம் பெற்ற கட்டட அளவரும் கட்டமைப்புப் பொறியாளரும் 19-ஆம் நாள்தான் அழைக்கப்பட்டார்கள். மனையின் நான்கு மூலைக் கற்களைப் பத்திர அளவோடு ஒப்பிட்ட பிறகே கட்டடத்தை அளந்தார்கள். சுற்றுச்சுவரை எல்லை என்று எடுத்துக்கொண்டு அளப்பது பொதுவான பிழை. இங்கே வடக்குச் சுவர் பத்திர எல்லைக்கு 3 அங்குலம் உள்ளே இருந்தது. செட்பேக்கை எல்லையிலிருந்து அளக்க வேண்டும் என்பதால் அந்த 3 அங்குலம் வீட்டுக்காரருக்குச் சாதகம்.

ஆறு மாறுதல்கள் கிடைத்தன. அனுமதியில்லாத இரண்டாம் தளம், 1,440 சதுர அடி. மொட்டை மாடியில் படிக்கட்டு ஹெட்ரூமை (படிக்கட்டின் மேல்மூடி அறையை) ஒட்டிக் கழிப்பறையோடு 200 சதுர அடி அறை. தெற்கு செட்பேக்கில் முதல் தளத்திலும் இரண்டாம் தளத்திலும் தலா 22 அடி நீளம், 3 அடி அகலத்தில் பால்கனி. இதில் முதல் தளத்துப் பால்கனி வீடு கட்டியபோதே போட்டது. வடக்கு செட்பேக்கில் தரையிலிருந்து இரண்டாம் தளம் வரை 3½ அடி அகலக் கான்கிரீட் படிக்கட்டு. தெருப்பக்கம் இரண்டாம் தளத்தில் 4 அடி நீட்டிய போர்டிகோ. கார் நிறுத்துமிடத்தில் ஒரு பாதியை ஷட்டர் போட்டு அடைத்து வாடகைக்கு விட்ட ஜெராக்ஸ் கடை.

வடக்குப் படிக்கட்டின் முதல் திருப்பத்துக்கு நேர் கீழே செப்டிக் டேங்கின் மூடி இருந்தது. கழிவுநீர் லாரிக்காரர் குழாயை உள்ளே விட ஒவ்வொரு முறையும் படுத்துத்தான் வேலை செய்திருக்கிறார். இத்தனைக்கும் வீட்டுக்குள் மொட்டை மாடி வரை போகும் படிக்கட்டு ஒன்று இருந்தது. இரண்டாம் தளத்துக்குத் தனி வழி வேண்டும் என்பதற்காக அதை முதல் தளத்தில் 4½ அங்குலச் சுவர் எழுப்பி அடைத்திருந்தார்கள்.

போர்டிகோவின் விளிம்புக்கும் தெருவில் ஓடும் தாழ்வழுத்த மின்கம்பிக்கும் கிடைமட்ட இடைவெளி 0.8 மீட்டர். மத்திய மின்சார ஆணைய விதிப்படி 650 வோல்ட் வரையிலான கம்பிக்கு 1.2 மீட்டர் வேண்டும். காற்றில் கம்பி ஆடும் அளவையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.  கொடி கட்டிய துணிக் கம்பியும் மாப் குச்சியும் இந்தக் கணக்கில் வராது. விபத்துக்கு அவையே காரணமாவது வழக்கம்.

எதை வைப்பது, எதை எடுப்பது

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் இத்தகைய மனைக்கு எஃப்.எஸ்.ஐ. (எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனைப் பரப்பால் வகுத்தால் வரும் எண்) 2. அதாவது 4,800 சதுர அடி வரை கட்டலாம். கார் நிறுத்துமிடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட மூன்று தளத்துக்கும் 4,320 சதுர அடி, எஃப்.எஸ்.ஐ. 1.8. எனவே இரண்டாம் தளம் அனுமதியில்லாதது என்றாலும் அனுமதி கேட்டிருந்தால் கிடைத்திருக்கக் கூடியது. மற்ற ஐந்தும் அப்படியல்ல.

மொட்டை மாடி அறையைச் சேர்த்தாலும் 4,520 சதுர அடிதான். எஃப்.எஸ்.ஐ. இடிக்கவில்லை என்பதால் அதையும் வைக்கலாம் என்று வீட்டுக்காரர் வாதாடினார். ஹெட்ரூமும் தண்ணீர்த் தொட்டியும் உயரக் கணக்கில் வராது. ஆனால் ஆள் குடியிருக்கும் அறை தளமாகவே எண்ணப்படும். நான்காவது தளம் என்று ஆனால் கட்டடம் அடுத்த உயரப் படிக்குப் போய்விடும், அதற்கு 5 அடி பக்க இடைவெளி போதாது. 200 சதுர அடிக்காக 1,440 சதுர அடியைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும். அறையை எடுப்பது என்று முடிவானது.

செட்பேக்கில் இருந்த நான்கு கட்டுமானங்களையும் முழுதாக எடுப்பது, கடையைக் காலி செய்து ஷட்டரைக் கழற்றுவது, இரண்டாம் தளத்தை மட்டும் வைத்துக்கொள்ள விண்ணப்பிப்பது என்று திட்டம் அமைந்தது. பாதி பால்கனியை வெட்டினால் போதாதா என்ற கேள்வி பலமுறை எழுந்தது. மீதி பாதியும் செட்பேக்கில்தான் நிற்கும், ஆட்களையும் இயந்திரத்தையும் இரண்டாம் முறை வரவழைக்க வேண்டியிருக்கும் என்பதே பதில்.

56-ஆம் பிரிவிலேயே, நோட்டீஸ் கெடுவுக்குள் 49-ஆம் பிரிவின்படி கட்டடத்தைத் தக்கவைக்க விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது. விண்ணப்பம் முடிவாகும் வரை அந்த நோட்டீஸ் செயல்படாது. இது பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தவர்களும் கெடு தாண்டிய பிறகே போகிறார்கள். இங்கே 28-ஆம் நாள் விண்ணப்பம் போனது. எதற்கும் இருக்கட்டும் என்று 80-ஏ பிரிவின்படி அரசுக்கு மேல்முறையீடும் தயாராக வைக்கப்பட்டது. அதற்கும் 30 நாள்தான் கெடு. விண்ணப்பத்தோடு, மற்ற ஐந்து மாறுதல்களையும் சொந்தச் செலவில் அகற்றுவதாக உறுதிமொழியும், எந்த வாரத்தில் எது என்ற அட்டவணையும் இணைக்கப்பட்டன. அகற்றும் வேலைக்காக மட்டும் குறிப்பிட்ட நாட்களுக்குச் சீலை நீக்கித் தர ஒப்புதல் கிடைத்தது அந்த அட்டவணையால்தான் என்று கருத இடமிருக்கிறது.

விதி இடம் கொடுத்தது, ஃபுட்டிங் கொடுக்கவில்லை

முதலில் போட்ட ஃபுட்டிங், அதாவது தூணின் சுமையை மண்ணில் இறக்கும் அடிக் கான்கிரீட், இரண்டு தளத்துக்கானது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டடத்தில் மொத்தம் 15 தூண்கள், நீளவாக்கில் 12 அடிக்கு ஒன்று, அகலவாக்கில் 15 அடிக்கு ஒன்று. உள்ளே இருப்பவை மூன்று, மற்ற 12-உம் வெளிச்சுவர் ஓரம்.

உள்தூண் ஒன்று தளத்துக்கு 180 சதுர அடியை, அதாவது 16.7 சதுர மீட்டரைத் தாங்குகிறது. சுவர் எடையும் பயன்பாட்டுச் சுமையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 12 கிலோ நியூட்டன் (ஒரு கிலோ நியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடை) என்று எடுத்தால் ஒரு தளத்துக்கு 200 கிலோ நியூட்டன். இரண்டு தளத்துக்கு 400, மூன்றுக்கு 600. குழி தோண்டிப் பார்த்ததில் ஃபுட்டிங் 1.5-க்கு 1.5 மீட்டர். மண்ணின் பாதுகாப்பான தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 180 கிலோ நியூட்டன். ஆக ஃபுட்டிங் தாங்கக்கூடியது 405. இரண்டு தளத்துக்குக் கச்சிதமாகப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது தளம் ஏறியதும் மண்ணில் அழுத்தம் 267 ஆகிவிட்டது, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

தூணும் போதவில்லை. 9-க்கு 12 அங்குலத் தூண், எம்20 தரக் கான்கிரீட், 12 மி.மீ. கம்பி ஆறு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-இன் சூத்திரப்படி அதன் திறன் சுமார் 735 கிலோ நியூட்டன். மூன்று தளத்துக்கான 600-ஐப் பாதுகாப்புக்காக 1.5-ஆல் பெருக்கினால் 900.

பிறகு எப்படி நின்றது? தாங்குதிறனைக் கணக்கிடும்போதே 2.5 முதல் 3 மடங்கு பாதுகாப்பு வைக்கப்படுகிறது, முழுப் பயன்பாட்டுச் சுமையும் இன்னும் ஏறவில்லை. நடுத்தூணை ஒட்டிய தரைத்தளச் சுவரில் 2 மி.மீ. சாய்விரிசல் ஏற்கெனவே விழுந்திருந்தது, பட்டி பார்த்து மறைத்திருந்தார்கள். அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி மூன்று வாரம் பார்த்ததில் கண்ணாடி உடையவில்லை. அமர்வு, அதாவது கட்டடம் மண்ணில் இறங்குவது, நின்றிருக்கிறது, அல்லது மிக மெதுவாக நடக்கிறது என்று கொண்டார்கள். ஓரத் தூண்களின் சுமை 300 கிலோ நியூட்டன் அளவில், 1.35 மீட்டர் ஃபுட்டிங்குக்குள் அடங்கியது.

இரண்டாம் தளத்தையே இடித்துவிடலாமா என்பது இந்த இடத்தில் நேர்மையாகவே பரிசீலிக்கப்பட்டது. பலப்படுத்த வேண்டியவை 15-இல் மூன்றே தூண்கள் என்பதால் வைத்துக்கொள்ளும் பக்கம் முடிவு சாய்ந்தது. ஓரத் தூண்களும் போதாமல் இருந்திருந்தால் இடிப்பதே சரி.

ஃபுட்டிங் ஒவ்வொன்றும் 1.5-இலிருந்து 1.9 மீட்டராக அகலப்படுத்தப்பட்டது. அழுத்தம் 166-க்கு இறங்கும். ஒரு நேரத்தில் ஒரு தூண், அதிலும் பாதிச் சுற்று மட்டும் தோண்டப்பட்டது. பழைய ஃபுட்டிங்கின் அடிமட்டத்துக்குக் கீழே மண்வெட்டி போகக் கூடாது. தூணைச் சுற்றியுள்ள பீம்களுக்கு எல்லாத் தளத்திலும் இரும்பு ஜாக்கி கொடுத்துச் சுமையை முடிந்தவரை வாங்கிக்கொண்ட பிறகே கான்கிரீட் போடப்பட்டது. பழைய சுமை தூணிலேயே இருக்கும்போது புதுக் கான்கிரீட் போட்டால், அது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். இனிமேல் ஏறும் சுமையில் மட்டுமே பங்கெடுக்கும்.

பழைய கான்கிரீட்டில் 16 மி.மீ. கம்பிகளை 200 மி.மீ. ஆழத்தில் எபாக்ஸிப் பசை வைத்து நட்டார்கள். துளையைப் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து, மறுபடி தேய்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் தூசிதான் எபாக்ஸியைப் பிடித்துக்கொள்ளும். முதல் தூணில் இழுத்துச் சோதித்த மூன்று கம்பிகளில் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. அன்று நட்ட எல்லாக் கம்பிகளும் மறுபடி வேறு துளைகளில் நடப்பட்டன.

தூணைச் சுற்றி 100 மி.மீ. கனத்தில் ஜாக்கெட், அதாவது புதுக் கான்கிரீட் உறை, போட்டதில் அது 430-க்கு 500 மி.மீ. ஆனது. பழைய கட்டடங்களைப் பலப்படுத்துவதற்கான தரநிலை ஐ.எஸ். 15988 கேட்கும் குறைந்தபட்சக் கனம் அந்த 100 மி.மீ.தான். புதுக் கான்கிரீட்டின் வலிமை பழையதைவிடக் குறைந்தது 5 மெகா பாஸ்கல் கூட இருக்க வேண்டும் என்பதற்கு எம்30 மைக்ரோ கான்கிரீட் போதுமானது. ஜாக்கெட் தரைத்தளத்தோடு நின்றது. முதல் தளத் தூணில் இரண்டு தளச் சுமைதான் இறங்குகிறது என்பதால் 735-க்குள் அடங்கிவிடும். ஆனால் ஜாக்கெட் கம்பிகளைத் தளத்தின் அடியோடு வெட்டிவிடாமல், துளை போட்டு மேல் தூணில் 750 மி.மீ. வரை ஏற்றினார்கள்.

வெட்டிய விதம்

பால்கனியைப் பெரிய பிரேக்கர் வைத்து ஒரே நாளில் தட்டிவிடலாம் என்று ஒருவர் குறைந்த விலை சொன்னார். ஒரு பக்கம் மட்டும் பிடிப்போடு நீட்டி நிற்கும் இத்தகைய தளத்தின் (கேன்டிலீவர்) மேல்கம்பி உள் அறையின் தளத்துக்குள் ஓடி வேர் பிடித்திருக்கும். அதிர்வு அந்தக் கம்பி வழியே உள்ளே போய்த் தளத்தின் மேல்புறத்தில் விரிசல் விடும். அதனால் டயமண்ட் பிளேடு கட்டர்.

கீழே முட்டுக் கொடுத்து, பீமின் வெளிமுகத்தை ஒட்டி, 2 அடிக்கு ஒரு துண்டாக வெட்டினார்கள். 5 அங்குலக் கனத்தில் 2-க்கு 3 அடித் துண்டு சுமார் 175 கிலோ வரும். செயின் பிளாக்கில் கட்டி இறக்கக்கூடிய எடை. தளத்துக்கு 11 துண்டுகள், மேல் தளம் முதலில். வெட்டுமுகத்தில் தெரியும் கம்பி முனைகளைச் சுற்றி 20 மி.மீ. குடைந்து, கம்பியை உள்ளே தள்ளி வெட்டி, ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் கலவையால் அடைத்தார்கள். இந்த வேலையை விட்டுவிட்டால் இரண்டு மழைக்குள் சுவரில் துருக்கோடு இறங்கும்.

இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. வெளியே நீட்டிய பால்கனியின் எடை உள் அறைத் தளத்தின் நடுவைச் சற்றே தூக்கிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் நடுவில் வளைவு விசை கூடும். உள்தளத்தின் அடிக்கம்பி அதற்குப் போதுமா என்று வெட்டுவதற்கு முன் சரிபார்க்கப்பட்டது, போதுமானதாக இருந்தது. பால்கனிக் கதவுகள் கட்டர் வருவதற்கு முதல் நாளே செங்கல் வைத்து ஜன்னல் உயரத்துக்கு அடைக்கப்பட்டன. வெற்றிடத்தில் திறக்கும் கதவு ஒரு ராத்திரிகூட இருக்கக் கூடாது.

போர்டிகோவுக்கு மின்வாரியத்தில் எழுத்தில் லைன் கிளியர் வாங்கி, கம்பியில் மின்சாரம் நிறுத்திய நேரத்துக்குள் வேலை முடிந்தது. கம்பியைத் தள்ளிப் போட மதிப்பீட்டுத் தொகை கட்டுவது மாற்று வழியாகப் பேசப்பட்டது. போர்டிகோ முன் செட்பேக்கிலும் இருந்ததால் அதில் அர்த்தமில்லை. வீட்டுக்குள் அடைத்த 4½ அங்குலச் சுவரை உடைத்துப் பழைய படிக்கட்டைத் திறக்க அரை நாள் ஆனது. வெளிப்படிக்கட்டைக் கட்ட ஆனது ஆறு வாரம்.

பின்னர் நடந்தவை

ஃபுட்டிங் வேலை நடந்த ஆறு வாரமும் தம்பதி உறவினர் வீட்டில் இருந்தார்கள். வேலைக்காக வங்கியில் கடன் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, முடிவுச் சான்றை (அனுமதிப்படி கட்டி முடித்ததற்கான சான்றை) சரிபார்த்த பிறகே கட்டடத்தின் மீது கடன் தர வேண்டும் என்கிறது. நகையை அடகு வைத்துச் சமாளித்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு முன்பணம் முழுதும் திருப்பித் தரப்பட்டது. வீட்டு மின் இணைப்பில் கடை ஓடியதற்காக வணிகக் கட்டண வீதத்தில் பின்கட்டணமும் வந்தது.

வடக்குப் பக்கம் படிக்கட்டு போன இடத்தில் 3 அடி உறை இறக்கி மழைநீர் சேகரிப்புக் கிணறு அமைத்தார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமான இது, முந்தைய வரைபடத்தில் கோடாக மட்டும் இருந்தது. அகற்றிய ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஒரே கோணத்தில் எடுத்த படங்கள், கட்டமைப்பு உறுதிச் சான்று, திருத்திய வரைபடம் எல்லாம் சேர்த்துக் கொடுத்த பிறகு மறு ஆய்வு நடந்தது. அளவில் வித்தியாசம் வரவில்லை. ஏறத்தாழ நான்கு மாதத்தில் திருத்திய அனுமதி வந்து, சீல் நிரந்தரமாக நீக்கப்பட்டது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

அளவரை 19-ஆம் நாள் அல்ல, முதல் நாளே அழைத்திருக்க வேண்டும். சீல் வைக்கும் நிலையே வந்திருக்காது. நோட்டீஸ் வந்த அன்றே மேஸ்திரியிடம் சாவியை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். வாய்ச்சொல்லில் வேலை நிற்பதில்லை.

முதலில் கட்டும்போதே மூன்று உள்தூண்களுக்கும் 1.9 மீட்டர் ஃபுட்டிங் போட்டிருந்தால் கூடுதலாக ஆகியிருக்கும் கான்கிரீட் மொத்தமே 1.84 கன மீட்டர், சுமார் 65 கன அடி. ஒரு மிக்சர் லாரி கொண்டுவருவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மேலே கட்டும் எண்ணம் வருங்காலத்தில் வரலாம் என்று வரைபடம் போடும் நாளிலேயே கேட்காதது பொறியாளரின் தவறு, சொல்லாதது வீட்டுக்காரரின் தவறு.

அளக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரின் சன்ஷேடும் எல்லையை 4 அங்குலம் தாண்டியிருப்பது தெரிந்தது. அவர் மீது எதிர்ப் புகார் கொடுக்க வீட்டுக்காரர் துடித்தார். தன் கட்டடத்தின் கோப்பு திறந்திருக்கும்போது அது கூடுதல் ஆய்வைத்தான் வரவழைக்கும் என்று தடுக்கப்பட்டது. சன்ஷேடு இன்னும் அப்படியே இருக்கிறது. நடுத்தூண் சுவரில் ஒட்டிய கண்ணாடியும் எடுக்கப்படவில்லை. வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறிக் காய்ந்த பிறகு, ஜனவரியில் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும்.